வீட்டுக்குள் மணி அடிப்பவர் யார்?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பெரட்டு மணியை மறந்திருக்க முடியாது. எங்கள் தோட்டத்து ஆபீசு முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிக்கொண்டிருக்கும். பொழுது விடியுமுன்னே அதை இரும்புக் கம்பியால் தட்டுவார்கள். அந்தச் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அம்மா எழுந்து அடுப்பை மூட்டுவார். அப்பா பால் வெட்டும் கத்தியை எடுத்துக் கூர் பார்ப்பார். நாங்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் தூங்குவோம்.

அதன் பிறகு அந்த மணி நாள் முழுவதும் வாய் திறக்காது. வேளை கெட்ட வேளையில் அது ஒலித்தால், லயத்தில் தீப்பிடித்திருக்கும். அல்லது யார் வீட்டுப் பிள்ளையாவது காணாமல் போயிருக்கும். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடுவார்கள். அந்த மணிக்கு அவ்வளவு மதிப்பு. காரணம் என்ன? அது அடிக்கடி ஒலித்ததில்லை. கண்டவர்கள் போய் அதைத் தட்டவும் முடியாது.

இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும், கைப்பையிலும், தலையணை அருகிலும் ஒரு மணி இருக்கிறது. அதுதான் கைப்பேசி. அதை அடிக்கும் உரிமை யாருக்கு என்று நாம் எப்போதாவது யோசித்ததுண்டா?

ஒரு மாலைப் பொழுதில் நான் ஒரு காரியம் செய்தேன். கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரத்திற்குள் ஓரம் நிறைந்துவிட்டது. பூப்படம் போட்ட வணக்கங்கள், கடைக்காரர்களின் தள்ளுபடி, பேரன் விளையாடிவிட்டுப் போன ஏதோ ஒரு விளையாட்டின் அழைப்பு, கோயில் குழுவில் இருவருக்குள் நடந்த வாக்குவாதம் என்று வரிசையாக வந்தன. அத்தனையிலும் எனக்கென்று வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். "அம்மா, இன்று வர நேரமாகும், நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்" என்று மகன் அனுப்பியிருந்தான். அதைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். ஆனால் எல்லா வீட்டிலும் சிரிப்போடு முடிவதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

2023-ஆம் ஆண்டு எங்கள் அம்மா மருத்துவமனையில் இருந்தார். நான் தொலைவில் இருந்ததால், பக்கத்தில் இருந்த என் தங்கைதான் பார்த்துக்கொண்டாள். வார்டில் எழுதிக் கொடுத்திருந்ததும் அவளுடைய கைப்பேசி எண் ஒன்றைத்தான்.

அம்மா படுத்த செய்தி உறவினர் குழுவில் பரவியது. ஆளாளுக்கு நலம் விசாரித்தார்கள். கை கூப்பிய படங்கள், சாமி படங்கள், ஆறுதல் வார்த்தைகள் இரவு பதினொரு மணி தாண்டியும் வந்தபடி இருந்தன. எல்லாம் அன்பினால் வந்தவைதாம். யாரையும் குறை சொல்லுவதற்கில்லை. தங்கை காலையில் வேலை, மாலையில் மருத்துவமனை என்று பத்து நாளாக அலைந்தவள். அன்றைக்கு இரவு பொறுக்க முடியாமல் கைப்பேசியின் ஒலியை அடியோடு அடக்கிவிட்டுப் படுத்தாள்.

வார்டிலிருந்து 2.10 மணிக்கு அழைத்திருக்கிறார்கள். பிறகு அதே எண்ணிலிருந்து 2.16-க்கும், 2.40-க்கும் அழைத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து கைப்பேசியைப் பார்த்தவள், போட்டது போட்டபடி ஓடினாள். அம்மா நான்கு மணிக்கே கண்ணை மூடிவிட்டார்.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இருபது நிமிடப் பயணம்.

"அக்கா, நான் அந்த மணியை அடக்கியிருக்கக் கூடாது" என்று அவள் இன்றைக்கும் சொல்லி அழுவாள். நான் அவளிடம் சொல்லுவது வேறு. "மணியை அடக்கியது தப்பில்லை, தங்கச்சி. நூறு பேர் தட்டிய மணியில் வார்டுக்காரர் தட்டியது மட்டும் உனக்கு எப்படிக் கேட்கும்? யார் தட்டலாம், யார் தட்டக்கூடாது என்று பிரித்து வைக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை" என்பேன்.

பிரித்து வைக்க வழி இருக்கிறது. அவள் கையில் இருந்த அதே கைப்பேசியிலேயே இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

அது ஏன் ஓயாமல் ஒலிக்கிறது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கைப்பேசியில் பெரும்பாலான செயலிகள் நமக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசமாகக் கொடுப்பவர் எப்படிப் பிழைக்கிறார்? நாம் அதைத் திறந்து பார்க்கும் நேரத்தில் விளம்பரம் காட்டிப் பிழைக்கிறார். ஆகவே நம்மை அடிக்கடி திறக்க வைப்பதுதான் அவருக்கு லாபம். "டிங்" என்ற ஒலியும் சிவப்புப் பொட்டும் நம்மைக் கூப்பிட அனுப்பும் ஆட்கள்.

அப்படிக் கூப்பிட்டவுடன் நாம் ஏன் ஓடுகிறோம்? அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் 1950-களில் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். தீனி எப்போது விழும் என்று நிச்சயம் இல்லாதபோதுதான் புறாக்கள் விடாமல் கொத்தின. தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தன. நாலு நம்பர் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எப்போதோ ஒரு தடவை அடித்ததை நினைத்து, அடிக்காத நூறு தடவையும் போய் எடுப்பார்கள். கைப்பேசியும் அதே கதைதான். பத்து தடவை திறந்தால் ஒன்பது தடவை வெறும் குப்பை. பத்தாவது தடவை பேரப்பிள்ளையின் படம் வருகிறது. அந்த ஒன்றுக்காக நாம் பத்து தடவையும் ஓடுகிறோம். இது நம் மனவலிமையின் குறை மட்டுமல்ல. மனித மனம் இப்படித்தான் என்று தெரிந்தவர்கள் செய்து கொடுத்த பொருள் அது.

எடுத்துப் பார்க்காவிட்டால் பரவாயில்லை என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கவனமாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையில் இருந்தவர்களின் கைப்பேசி ஒலித்தபோதும் அதிர்ந்தபோதும், அவர்கள் அதைத் தொடாமல் இருந்தும்கூட வேலையில் பிழைகள் கூடின. சத்தம் கேட்ட உடனே மனம் எழுந்து போய்விடுகிறது. அது திரும்பி வர நேரமாகிறது.

பாடம் படிக்கும் பிள்ளைக்கு இதனால் பிழை வரும், திருத்திக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கும், நீண்ட கழியில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்து வெட்டுபவருக்கும் பிழை வந்தால் திருத்த முடியுமா? சட்டைப்பையில் அதிரும் ஒன்றுக்காக அவர் கண் ஒரு நொடி கீழே இறங்கக் கூடாது.

முதலில் ஒரு தாள், ஒரு பென்சில்

கைப்பேசியைத் தொடுமுன் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள்.

முதல் கட்டத்தில், எந்த நேரமானாலும் ஒலிக்க வேண்டியவர்களை எழுதுங்கள். கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர், பக்கத்து வீட்டில் அவசரத்துக்கு ஓடி வரும் ஒருவர், வேலை மாற்றத்தைச் சொல்லும் மண்டோர். பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேல் வராது.

இரண்டாம் கட்டத்தில், தேவைதான், ஆனால் நாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பவற்றை எழுதுங்கள். உறவினர் குழு, கோயில் குழு, பழைய தோட்டத்து நண்பர் குழு, பிள்ளையின் வகுப்புக் குழு ஆகியவை இதில் சேரும்.

மூன்றாம் கட்டத்தில், ஒலிக்கவே தேவையில்லாதவை. கடைகள், விளையாட்டுகள், யாரோ எதையோ விரும்பினார் என்று சொல்லும் முகநூல் அறிவிப்புகள்.

இந்தத் தாளை எழுதி முடித்தாலே பாதி வேலை முடிந்தது. மீதியைக் கைப்பேசியில் செய்ய அரை மணி நேரம் போதும். கை ஓடவில்லை என்றால் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை.

மூன்றாம் கட்டம்: வாயை அடைப்பது

கடைச் செயலியிலிருந்து அறிவிப்பு வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அந்த அறிவிப்பின் மேலேயே விரலைச் சற்று நேரம் அழுத்தி வையுங்கள். அதை நிறுத்துவதற்கான வழி அங்கேயே தோன்றும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அறிவிப்பை இடப்பக்கம் மெல்லத் தள்ளினால் அதே வழி கிடைக்கும். வருகிற ஒவ்வொன்றையும் இப்படிச் செய்துகொண்டே வந்தால், ஒரு வாரத்தில் வீடு அமைதியாகிவிடும்.

புதிய செயலியைப் போடும்போது "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று அது கேட்கும். ஆண்ட்ராய்டில் 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து இப்படி அனுமதி கேட்க வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். நாம்தான் படிக்காமலே சம்மதம் என்று அழுத்திவிடுகிறோம். வேண்டாம் என்று அழுத்தினாலும் செயலி வேலை செய்யும், பயப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து பணம் போனதைச் சொல்லும் வங்கி அறிவிப்பு ஒலிக்கட்டும். நீங்கள் எடுக்காத பணம் போயிருந்தால், முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். அப்படி நேர்ந்தால் உடனே வங்கியை அழையுங்கள். மோசடிகளுக்கென்று 2022-இல் மலேசியாவில் ஏற்படுத்தப்பட்ட 997 என்ற எண்ணையும் அழையுங்கள்.

இரண்டாம் கட்டம்: உலைமூடி

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். புலனம் என்று நாம் தமிழில் சொல்லும் வாட்ஸ்அப்பில் உலைமூடி இருக்கிறது. குழுவைத் திறந்து, மேலே இருக்கும் அதன் பெயரைத் தொடுங்கள். அறிவிப்பை அடக்கும் இடம் அங்கே இருக்கும். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று அளவு காட்டும். "எப்போதும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். செய்திகள் வழக்கம்போல் வந்து சேர்ந்திருக்கும். சத்தம் மட்டும் வராது.

"குழுவை அடக்கினால் மாமா கோபித்துக்கொள்வாரே!" என்று சிலர் தயங்குவார்கள். நீங்கள் அடக்கி வைத்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. குழுவை விட்டு வெளியேறினால்தான் மனத்தாங்கல். அடக்கி வைப்பதால் உறவு கெடாது. பகலில் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை என்று வேளை வைத்துத் திறந்து பாருங்கள். பிள்ளையின் வகுப்புக் குழுவை அந்த இரவு வேளையில் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

உங்களைக் கேட்காமல் முன்பின் தெரியாதவர்கள் குழுவில் சேர்ப்பதையும் தடுக்கலாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமை என்ற பகுதியில், உங்கள் தொடர்புகளில் உள்ளவர்கள் மட்டுமே குழுவில் சேர்க்கலாம் என்று வையுங்கள். அதே பகுதியில், தெரியாத எண்களிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் வசதியும் 2023 முதல் இருக்கிறது. மோசடிக்காரர் தொல்லை அதனால் குறையும்.

முதல் கட்டம்: இரவுக் காவல்

இதுதான் முக்கியம். ஒலியை அடியோடு அடக்குவது வேறு. "டு நாட் டிஸ்டர்ப்" என்ற வசதி வேறு. மலாய் மொழியில் வைத்திருப்பவர்களுக்கு "ஜங்ஙான் கங்கு" என்று இருக்கும். முன்னது கதவை ஆணி அடித்து மூடுவது போன்றது. பின்னது வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்துவது போன்றது. யாரை உள்ளே விடலாம் என்று அவரிடம் சொல்லி வைக்கலாம்.

அமைப்புகளுக்குள் போய் அதைத் திறந்து, இந்த நான்கையும் சரிபாருங்கள்.

முதலாவது, நேரம். இரவு 9.30 முதல் விடியற்காலை 4.30 வரை என்பது போல உங்கள் தூக்கத்துக்கு ஏற்றபடி வைத்துவிட்டால், நாள்தோறும் தானாகவே தொடங்கித் தானாகவே முடியும்.

இரண்டாவது, ஆட்கள். உங்கள் முதல் கட்டத்தில் உள்ளவர்களின் எண்களை விருப்பமானவர்களாகக் குறித்து, அவர்கள் அழைத்தால் ஒலிக்கட்டும் என்று அனுமதி கொடுங்கள்.

மூன்றாவது, திரும்பத் திரும்ப அழைப்பவர்கள். தெரியாத எண்ணாக இருந்தாலும், அதே எண்ணிலிருந்து சிறிது நேரத்துக்குள் இரண்டாவது தடவையும் அழைத்தால் ஒலிக்க வைக்கும் வசதி இது. ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள், ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வர வேண்டும். இது திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். என் தங்கையின் கைப்பேசி ஆண்ட்ராய்டு. வார்டிலிருந்து 2.10-க்கு ஒரு தடவை, 2.16-க்கு ஒரு தடவை. இடையில் ஆறே நிமிடம்.

நான்காவது, அலாரம். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. சில கைப்பேசிகளில் அலாரத்துக்கும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். அந்த வசதியைப் போட்டுவிட்டு, மகனை வெளியே போய் அழைக்கச் சொல்லுங்கள். ஒலிக்கிறதா? பிறகு பட்டியலில் இல்லாத ஒருவரை இரண்டு தடவை அழைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை ஒலிக்கிறதா? காதால் கேட்டபின் நம்புங்கள்.

வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். தெரியாத எண்களின் சாதாரண அழைப்புகளை அந்த நாட்களில் தடுத்து வைக்காதீர்கள். வார்டில் ஒருவர் எண்ணை மட்டும் கொடுக்காமல் இருவர் எண்ணைக் கொடுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் அழைக்காமல், எண்ணை அழுத்தி நேரடியாக அழைக்கும்படி பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். இணையத் தொடர்பு சரியாகக் கிடைக்காத தோட்டப்புறங்களில் வாட்ஸ்அப் அழைப்பை நம்பி இருக்க முடியாது.

பிள்ளைகளுக்குச் சொல்லுமுன்

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, பாடம் படிக்கக் கைப்பேசி வேண்டும் என்றார்கள். கடன் வாங்கியாவது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தோம். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகளும் உண்டு. பள்ளி திறந்தது. ஆனால் பல வீடுகளில் கைப்பேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அதற்காகப் பிள்ளையை மட்டும் திட்டி என்ன பயன்?

மாலையில் ஒன்றரை மணி நேரம் படிப்பு என்றால், அந்த ஒன்றரை மணி நேரமும் வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் சமையலறை அலமாரியில் இருக்கட்டும். அப்பாவின் கைப்பேசியும் அங்கே போக வேண்டும். காவல்காரரை நிறுத்தி வைத்திருப்பதால், அவசர அழைப்பு வந்தால் அது அலமாரியிலிருந்தும் கேட்கும். "நீ படி" என்று சொல்லிவிட்டு, தாயும் தந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை படிக்கும்?

மோட்டார் சைக்கிளில் ஏறுமுன்னும், வேலைக் காட்டில் இறங்குமுன்னும் இதே காவலைப் போடுங்கள். வேலை முடிந்து பசியாறும்போது எடுத்துப் பார்த்தால் போதும்.

என் தங்கை இப்போது இப்படித்தான் வைத்திருக்கிறாள். கைப்பேசி அவள் தலைமாட்டிலேயே இருக்கிறது. இரவெல்லாம் சத்தம் போடுவதில்லை. சென்ற மாதம் ஒரு நாள் பின்னிரவில் அது ஒலித்தது. அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். எங்கள் சித்தப்பாவுக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, தானும் ஓடிப்போய் கூடவே இருந்திருக்கிறாள். சித்தப்பா இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்.

"அக்கா, அது ஒலித்தால் இப்போதெல்லாம் பெரட்டு மணி மாதிரி கேட்கிறது" என்றாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளையும் பென்சிலையும் எடுத்து உட்காருங்கள். உங்கள் வீட்டு மணியை அடிக்கும் உரிமை எந்தப் பத்துப் பேருக்கு என்று வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து பேசி எழுதுங்கள்.